உடம்பு மாறினால் ஆள் மாறுவானா? ‘ஷசாம்!’ பற்றி உங்கள் மகள் கேட்டதற்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். 2019-இல் வந்த ‘ஷசாம்!’ என்ற ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படத்தை 11 வயது மகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். பாதிப் படத்தில் அவள் “இவன் அவன் இல்லையே” என்று சொல்லியிருக்கிறாள். சிறுவனாக இருக்கும்போது பில்லி அதிகம் பேசாத, யாரையும் நம்பாத பையன். ‘ஷசாம்’ என்ற மந்திரச் சொல்லைச் சொல்லிப் பெரிய ஆளாக மாறினதும் எட்டு வயதுப் பிள்ளை மாதிரி துள்ளுகிறான், வாய் ஓயாமல் பேசுகிறான். பெரியவனாக மாறினவன் ஏன் சிறுவனைவிடச் சின்னப் பிள்ளையாகிவிடுகிறான், இது நடித்தவரின் குறையா, இயக்குநரின் குறையா, இல்லை வேண்டுமென்றே செய்ததா என்பது உங்கள் கேள்வி. ஆறு வயது மகனுக்கும் இதைக் காட்டலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதில் சின்னது, பின்னால் சொல்கிறேன். முதல் கேள்விதான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது, ஏனென்றால் உங்கள் மகள் தொட்டது நடிப்பு சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் தினமும் மோதுகிற ஓர் இடம்.

நான் 22 வருடங்களாகக் குழந்தைகளுக்கு நாடகப் பயிற்சி கொடுக்கிறேன். வார இறுதிகளிலும் கோடை விடுமுறையிலும், ஆறு வயது முதல் 17 வயது வரை. மேடை எனக்குத் தெரியும், பிள்ளைகள் எந்த வயதில் எப்படி நிற்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள் என்பது தெரியும். சினிமாக் கேமராவுக்கு முன்னால் நான் வேலை செய்ததில்லை. அதனால் உடல்மொழி பற்றிச் சொல்வதை நீங்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம். படப்பிடிப்பில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது திரையைப் பார்த்துத் தெரிகிற விஷயமில்லை, அதைப் பற்றி நான் ஊகிக்கும் இடத்தில் ஊகம் என்றே சொல்கிறேன்.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கதையைச் சுருக்கமாக. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். பில்லி பேட்சனுக்கு 14 வயது. மிகச் சின்ன வயதில் ஒரு கண்காட்சிக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு வளர்ப்பு வீடாக ஓடி ஓடி அம்மாவைத் தேடுகிறான். கடைசியாக விக்டர், ரோசா என்ற தம்பதி வீட்டுக்கு வருகிறான், அங்கே ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். அதில் ஊன்றுகோலோடு நடக்கிற ஃப்ரெடிக்கு சூப்பர் ஹீரோக்கள் என்றால் உயிர். ஒரு நாள் சுரங்க ரயிலில் போகும்போது பில்லி ஒரு பழைய மந்திரவாதியின் குகைக்குப் போய்ச் சேர்கிறான். ‘ஷசாம்’ என்ற அவர் பெயரைச் சொன்னதும், சிவப்பு உடையும் மார்பில் மின்னலும் வெள்ளை மேலங்கியுமாக ஆறடி ஆளாகிறான். மறுபடி சொன்னால் பழையபடி பையன். சிறுவனாக நடித்தவர் அஷர் ஏஞ்சல், பெரியவனாக சாக்கரி லீவை, ஃப்ரெடியாக ஜாக் டிலன் கிரேசர், வில்லன் டாக்டர் சிவானாவாக மார்க் ஸ்ட்ராங். இயக்கியவர் டேவிட் எஃப். சேண்ட்பெர்க், சுவீடன்காரர், அதற்கு முன் பேய்ப் படங்கள் எடுத்தவர். இந்தக் கடைசித் தகவல் உங்கள் மகன் விஷயத்தில் தேவைப்படும்.

சரி, முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். உங்கள் மகள் பார்த்தது சரி. அந்த இரண்டு உடல்களும் இரண்டு வெவ்வேறு வயதுப் பிள்ளைகளின் உடல்கள். அஷர் ஏஞ்சல் செய்வது அச்சு அசலாக 14 வயது. அந்த வயதுப் பையன் இடத்தை அடைத்துக்கொள்ள மாட்டான். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வான் அல்லது பை வாரைப் பிடித்துக்கொள்வான், நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்ப்பான், கேள்வி கேட்டால் அரை வார்த்தையில் முடிப்பான். அதோடு பில்லி ஓடிப் பழகியவன் என்பதால் எந்த அறைக்குள் வந்தாலும் வெளியேறும் வழியைத் தேடுகிற கண் இருக்கிறது. லீவை செய்வது அதற்கு நேர் எதிர். கண் அகலமாகத் திறந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, உணர்ச்சி வந்தால் அது தோளிலும் முழங்காலிலும் உடனே தெரிகிறது, கை எப்போதும் உடம்பை விட்டு விலகி இருக்கிறது. இது ஏழு எட்டு வயதின் உடம்பு. மறைக்கத் தெரியாத வயது. ஒருவன் மறைக்கத் தெரிந்தவன், இன்னொருவன் மறைக்கத் தெரியாதவன், பிறகு இருவரும் ஒருவரே என்று எப்படி நம்புவது? 11 வயதுப் பிள்ளைக்கு இது பளிச்சென்று தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை. அவள் அந்த 14 வயதை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவள், அண்ணன் அக்காக்களைக் கூர்ந்து பார்க்கிற பருவம்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு என் பயிற்சியில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு காரணம் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை பெற்றோர்களையும் கூப்பிட்டு ஒரு பயிற்சி வைப்பேன். “நீங்கள் 14 வயதுப் பிள்ளையாக இந்தக் கதவைத் திறந்துகொண்டு வாருங்கள்” என்பேன். பத்தில் எட்டுப் பேர் குதித்துக்கொண்டு வருவார்கள், குரலை மெல்லிசாக்குவார்கள், தலையைச் சாய்ப்பார்கள். 14 வயதுப் பிள்ளை யாரும் அப்படி வருவதில்லை என்று அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கும் 14 வயதுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரியவர்களிடம் சிறுவனாக நடி என்று சொன்னால் எந்த வயதைச் சொன்னாலும் ஆறு ஏழு வயதுக்குப் போய் நின்றுவிடுகிறார்கள். வளரிளம் பருவத்தை உடம்பால் நினைவுகூர்வது கடினம், ஏனென்றால் அந்த வயதில் நாமே நம் உடம்பை மறைத்துக்கொண்டுதான் இருந்தோம். சின்னக் குழந்தையின் சந்தோஷத்தை நினைவுகூர்வது சுலபம். லீவையும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதைத் தவிர்க்க வழி இல்லையா என்றால் இருக்கிறது. 1988-இல் வந்த ‘பிக்’ படத்தில் 12 வயது ஜோஷ் பெரியவனாகிவிடுவான், பெரிய ஜோஷாக டாம் ஹாங்க்ஸ். இயக்குநர் பென்னி மார்ஷல் என்ன செய்தார் என்றால், ஹாங்க்ஸ் நடிக்க வேண்டிய காட்சிகளைச் சிறுவனாக நடித்த டேவிட் மாஸ்கோவை வைத்து முதலில் நடிக்கச் சொல்லிப் படம்பிடித்தார். ஹாங்க்ஸ் அதைப் பார்த்து, அந்தப் பையன் எப்படி நடக்கிறான், எங்கே தயங்குகிறான் என்பதைப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் அந்தப் படத்தில் ஹாங்க்ஸ் பொதுவாக ஒரு குழந்தையாக இல்லாமல் குறிப்பாக அந்த ஒரு பையனாகவே தெரிகிறார். நானும் என் மாணவர்களிடம் இந்த முறையைத்தான் கையாள்கிறேன். ‘ஷசாம்!’ எடுத்தவர்களுக்கு அந்தப் படம் தெரியாமல் இல்லை. பொம்மைக் கடையில் சண்டை நடக்கும்போது காலால் மிதித்து வாசிக்கிற பெரிய பியானோ மேல் ஓடுவார்களே, அது ‘பிக்’ படத்துக்கு வைத்த வணக்கம்.

இன்னொரு காரணம் இந்தப் பாத்திரத்தின் பிறப்பிலேயே இருக்கிறது, அதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. இந்த ஹீரோ 1940-ஆம் ஆண்டு வாக்கில் ஃபாசெட் என்ற பதிப்பகத்தின் ‘விஸ் காமிக்ஸ்’ இதழில் வந்தவர், எழுதியவர் பில் பார்க்கர், வரைந்தவர் சி. சி. பெக். அப்போது அவர் பெயர் கேப்டன் மார்வெல். ‘ஷசாம்’ என்பது மந்திரவாதியின் பெயர் மட்டுமே. சாலமன், ஹெர்குலிஸ், அட்லஸ், ஜீயஸ், அக்கிலிஸ், மெர்குரி என்ற ஆறு பேரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தது அது. அந்தப் பழைய கதைகளைப் படித்தால் பில்லியும் கேப்டன் மார்வெலும் பெரும்பாலும் இரண்டு தனி ஆட்களாகவே இருப்பார்கள். பில்லி “கேப்டன் மார்வெல் வந்து பார்த்துக்கொள்வார்” என்பான், அவர் பில்லியைப் பற்றி “அந்தப் பையன்” என்று பேசுவார். ஆபத்து வந்தால் சிறுவன் கூப்பிடுவான், பெரியவர் வருவார். அவ்வளவுதான் ஏற்பாடு. நம்மூர்க் கதைகளில் கூடு விட்டுக் கூடு பாய்வது உண்டு, அதில் உயிர் ஒன்று, உடல்தான் வேறு. இங்கே முதலில் உயிரே வேறாக இருந்தது.

அந்தப் பாத்திரம் 1940-களில் சூப்பர்மேனையே விற்பனையில் முந்தியது. சூப்பர்மேனைக் காப்பி அடித்துவிட்டார்கள் என்று அதன் பதிப்பாளர்கள் வழக்குப் போட்டு, அது பத்து வருடத்துக்கு மேல் இழுத்து, 1953-இல் ஃபாசெட் பணம் கட்டிச் சமாதானம் செய்துகொண்டு பாத்திரத்தையே நிறுத்திவிட்டது. பிறகு 1970-களின் தொடக்கத்தில், வழக்குப் போட்ட அதே டிசி நிறுவனம் அந்தப் பாத்திரத்தை உரிமம் வாங்கி மறுபடி கொண்டுவந்தது. இடையில் மார்வெல் நிறுவனம் ‘கேப்டன் மார்வெல்’ என்ற பெயரைத் தனக்குப் பதிவு செய்துகொண்டதால் இதழுக்கு ‘ஷசாம்!’ என்று தலைப்பு வைக்க வேண்டியதாயிற்று. பெயர் பறிபோன கதை இது. நமக்கு வேண்டியது 1987-இல் நடந்தது. அந்த வருடம் ராய் தாமஸ் எழுதிய ஒரு குறுந்தொடரில்தான், பெரிய உடம்புக்குள் இருப்பதும் பில்லியின் மனசுதான் என்று தெளிவாக வைத்தார்கள். அப்புறம் வந்த கதைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 2010-களில் ஜெஃப் ஜான்ஸ் எழுதிய வடிவத்தில் பில்லி முரட்டுப் பையனாகவும், வளர்ப்பு வீடும் ஐந்து பிள்ளைகளும் உள்ள கதையாகவும் மாறியது. படம் இந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. ஆக, இந்தப் பாத்திரத்துக்குள் இரண்டு மரபுகள் இருக்கின்றன. வெள்ளந்தியாகச் சிரிக்கிற பெரிய மனிதர் ஒரு மரபு, காயம்பட்ட பையன் இன்னொரு மரபு. லீவை முதல் மரபிலிருந்து வருகிறார், அஷர் ஏஞ்சல் இரண்டாவதிலிருந்து வருகிறார் என்று நான் நினைக்கிறேன். இது என் வாசிப்பு.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் நான் படத்தைக் குறை சொல்கிறேன் என்று தோன்றும். இல்லை, இந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த முரண்பாட்டை நியாயப்படுத்துகிற ஒரு விளக்கமும் இருக்கிறது, அதையும் என் வேலையிலிருந்துதான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒரு 13 வயதுப் பெண் என் வகுப்புக்கு வந்தாள். வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை. வகுப்பிலும் சின்னப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைப்பாள், செருப்பை வரிசையாக வைப்பாள், நடிக்கக் கூப்பிட்டால் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஒரு நாள் காகிதக்கூழில் செய்த முழு முகமூடி ஒன்றைக் கொடுத்தேன். கிழவர் முகம், பெரிய மூக்கு. அதைப் போட்டுக்கொண்டதும் அவள் செய்தது எதுவும் கிழவர் மாதிரி இல்லை. தரையில் உருண்டாள், மற்றப் பிள்ளைகளைத் துரத்தினாள், சத்தமாகச் சிரித்தாள். முகமூடியைக் கழற்றியதும் மறுபடி அதே அமைதியான பொறுப்பான பிள்ளை. அன்று நான் கண்டது இதுதான்: தன் வயதுக்கு மீறிப் பெரியவளாக இருக்க வேண்டிய பிள்ளைக்கு, வேறு முகம் கிடைத்தால் அந்த முகத்துக்குள் அது குழந்தையாகிவிடும். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நிம்மதி அது.

பில்லியை அப்படிப் பாருங்கள். மிகச் சின்ன வயதிலிருந்தே அவன் ஒரு பெரிய ஆளின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறான். படம் தொடங்கும்போதே இரண்டு போலீஸ்காரர்களை ஏமாற்றி ஒரு கடைக்குள் பூட்டிவிட்டு, அவர்கள் வண்டியிலிருக்கும் கணினியில் அம்மாவின் முகவரியைத் தேடுகிறான். பேட்சன் என்ற பெயருள்ள பெண்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, அம்மா இல்லை என்று தெரிந்ததும் பட்டியலில் அந்தப் பெயரை அடித்துக்கொண்டே வருகிறான். குழந்தையாக இருக்க அவனுக்கு நேரமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. குண்டு துளைக்காத உடம்பு கிடைத்ததும்தான், அடி விழாது என்று தெரிந்ததும்தான், அவன் முதல்முறையாகக் குழந்தையாகிறான். தெருமுனைக் கடையில் திருடர்கள் சுடச் சுட அவனும் ஃப்ரெடியும் சந்தோஷத்தில் கத்துவார்களே, அந்தச் சந்தோஷம் நிஜமானது. இனி யாரும் என்னைக் காயப்படுத்த முடியாது என்று ஒரு பையன் கண்டுபிடிக்கிற கணம் அது. அதே கடையில் பெரியவன் என்ற தைரியத்தில் பீர் வாங்கி, ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, மறுபடி உள்ளே போய்த் தின்பண்டங்களை அள்ளிக்கொண்டு வருவார்கள். அங்கே லீவையின் நடிப்பு அருமை, ஏனென்றால் அந்த இடத்தில் அவர் சிறுவனாக நடிக்கவில்லை, பெரிய ஆளாக நடிக்கிற சிறுவனாக நடிக்கிறார். குரலைக் கனமாக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. நிஜப் பையன்கள் செய்வது அதுதான். இந்த மாதிரிக் காட்சிகளில் அவருக்கும் அஷர் ஏஞ்சலுக்கும் நடுவே இடைவெளியே தெரிவதில்லை.

அந்த வளர்ப்பு வீட்டின் மூத்த பெண் மேரி வருகிற காட்சியும் அப்படித்தான். ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியோடு, கவனமில்லாமல் தெருவைக் கடக்கிற மேரியை லாரியிலிருந்து காப்பாற்றுகிறான். அவளோ இந்தக் குடும்பத்தை விட்டுப் போக வேண்டுமே என்று கலங்குகிறாள். தன்னோடு ஒரே வீட்டில் இருப்பவன் இவன்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அவன் சொல்கிற ஆறுதல் உன்னை நீ பார்த்துக்கொள் என்கிற தொனியில் இருக்கும். பெரிய உடம்பிலிருந்து பில்லியின் காயம் பேசுகிற இடம் அது. குதிப்பு இல்லை, கண் அகலமில்லை. இப்படி இன்னும் நான்கு காட்சிகள் இருந்திருந்தால் உங்கள் மகள் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டாள்.

அப்புறம் ஃப்ரெடி. இந்தப் படத்தில் இரண்டு பில்லிகளையும் ஒரே ஆளாக ஒட்டிவைக்கிற பசை ஜாக் டிலன் கிரேசர்தான். தெருக்கூத்தில் ராஜா வந்து உட்கார்ந்ததால் மட்டும் ராஜாவாகிவிடுவதில்லை, கட்டியங்காரன் அவரை எப்படி அறிமுகப்படுத்துகிறான், எப்படி ஒதுங்கி நிற்கிறான் என்பதில்தான் பாதி ராஜாங்கம் இருக்கிறது. கிரேசர் லீவையை ஒரு சூப்பர் ஹீரோவாகப் பார்ப்பதே இல்லை, தன் அறையில் படுத்துத் தூங்குகிற எரிச்சலூட்டும் பையனாகப் பார்க்கிறார். பில்லியிடம் எந்தக் குரலில் சண்டை போடுகிறாரோ அதே குரலில் ஆறடி ஆளிடமும் போடுகிறார். மின்னல் வித்தை காட்டிக் காசு சேர்க்கும் மும்முரத்தில் பில்லி ஒரு பேருந்தைப் பாலத்தின் விளிம்புக்குத் தள்ளிவிட்டு, பிறகு அதைத் தாங்கிப் பிடித்து, கூட்டம் கைதட்ட நிற்பானே, அப்போது ஃப்ரெடி கோபப்படுவதைக் கவனியுங்கள். அந்தக் கோபம் ஒரு 14 வயதுப் பையன் இன்னொரு 14 வயதுப் பையன் மேல் படுகிற கோபம். லீவை என்ன செய்தாலும், எதிரில் நிற்பவனின் கண் “நீ பில்லிதான்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

முகமூடி விளக்கத்துக்குப் படத்திலேயே இன்னொரு ஆதாரம் இருப்பதாக நினைக்கிறேன். வயதும் உடம்பும் பொருந்தாமல் போனவன் பில்லி மட்டுமில்லை. சிவானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் சின்னப் பையனாக அப்பா, அண்ணனோடு காரில் போய்க்கொண்டிருந்தபோது அதே மந்திரவாதி அவனைக் கூப்பிட்டுச் சோதித்து, நீ தகுதியானவன் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றோடு அவன் வளர்வது நின்றுவிட்டது. ஐம்பது வயதுக்காரனின் உடம்பில் இன்னும் அந்தக் காரின் பின்சீட்டுப் பையன் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் பதில் சொல்லத் துடிக்கிறான். மார்க் ஸ்ட்ராங் அதைச் சிரிப்பே இல்லாமல் செய்வார். அப்புறம் பில்லியின் அம்மா. கடைசியில் கண்டுபிடித்துப் போகும்போது தெரிகிறது, அவன் தொலையவில்லை. போலீஸ்காரர்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, இவர்களிடமே இருக்கட்டும் என்று அவளே போய்விட்டாள். அவளே அப்போது வளர்ந்து முடியாத பெண். இத்தனை வருடம் அவன் பத்திரப்படுத்தி வைத்திருந்த திசைகாட்டியை அவள் கையில் கொடுக்கிறான், அவளுக்கு அது என்னவென்றே நினைவில்லை. சிரிக்க வைக்கிற படம் என்று உட்கார்ந்தவர்களை அந்த இடம் அடித்துவிடும். பெரிய உடம்பில் குழந்தை, பெரியவளாகிவிட்ட குழந்தை, இரண்டும் கதை முழுக்க இருக்கும்போது ஷசாமின் குழந்தைத்தனத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இது கதையிலிருந்து நான் எடுக்கிற முடிவு. இப்படித்தான் திட்டமிட்டார்கள் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை.

இந்த விளக்கம் தாங்காத இடங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அம்மா வீட்டிலிருந்து திரும்பிய பிறகு வருகிற ஷசாமிடம் அந்தச் சந்திப்பின் சுவடு போதுமான அளவு இல்லை. அவ்வளவு பெரிய அடி வாங்கிய பையன் எந்த முகமூடியைப் போட்டாலும் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கும். கடைசிச் சண்டையில் நகைச்சுவை சீக்கிரமே திரும்பி வந்துவிடுகிறது. அதே சண்டையில் மற்றப் பிள்ளைகளும் பெரிய உடம்புக்கு மாறுகிறார்கள், அங்கே ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு. அந்த வீட்டின் கடைக்குட்டி டார்லாவின் பெரிய வடிவமாக வருகிற மீகன் குட், ஃப்ரெடியின் பெரிய வடிவமாக வருகிற ஆடம் பிரோடி, இருவரும் திரையில் இருப்பது கொஞ்ச நேரம்தான். ஆனாலும் இது டார்லா, இது ஃப்ரெடி என்று உடனே தெரிகிறது. அந்தப் பிள்ளைகள் இயல்பிலேயே உள்ளதை வெளியே கொட்டுகிறவர்கள், பிடித்துக்கொள்வது எளிது. மூடிக்கொண்ட பிள்ளையின் பெரிய வடிவத்தைச் செய்வது அதைவிடப் பல மடங்கு கடினம். லீவைக்குக் கிடைத்ததுதான் இந்தப் படத்தின் கடினமான வேலை, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

2023-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இந்த முரண்பாடு இன்னும் வெளிப்படையாகிறது. பில்லிக்கு அதில் 18 நெருங்குகிறது, வளர்ப்பு வீட்டை விட்டு வெளியே போக வேண்டியிருக்குமோ என்ற பயம் இருக்கிறது. அது எவ்வளவு நல்ல கரு! ஆனால் அஷர் ஏஞ்சல் திரையில் மிகக் கொஞ்ச நேரமே வருகிறார், லீவை அதே பழைய குழந்தைத் துள்ளலோடு படம் முழுக்க வருகிறார். முகமூடிக்குப் பின்னால் இருக்கும் முகத்தைக் காட்டாவிட்டால் முகமூடிக்கு அர்த்தமே இல்லை. முதல் பாகத்தில் பொருந்தாமல் இருந்த முகம், இரண்டாம் பாகத்தில் மறைந்தே போய்விட்டது. முதல் படம் உலகம் முழுக்க 36 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, இரண்டாவது 13 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. அதற்குப் பல காரணங்கள் இருக்கும், எல்லாவற்றையும் இந்த ஒரு குறையின் மேல் ஏற்ற மாட்டேன்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் மகள் அடுத்துக் கேட்கக்கூடிய ஒன்று: சாலமனின் ஞானம் அவனுக்குள் இருக்கிறதென்றால் ஏன் இப்படி அசட்டுத்தனமாக நடந்துகொள்கிறான்? இதற்கு முதல் படத்தில் நேரடிப் பதில் இல்லை. என்னிடம் கேட்டால் வலிமை உடனே வரும், வேகம் உடனே வரும், ஞானத்தை மட்டும் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சமாளிப்பேன். அது என் சமாளிப்பு, படத்தின் விதி இல்லை.

உங்கள் மகன் விஷயம். ஆறு வயதுக்கு வேண்டாம். சுவரொட்டியையும் நகைச்சுவையையும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அமெரிக்காவிலேயே 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை என்ற சான்றிதழோடு வந்த படம். சிவானா தன் அப்பாவின் அலுவலகக் கூட்ட அறைக்குள் பேராசை, கோபம் முதலான ஏழு பாவங்களின் அரக்க உருவங்களை அவிழ்த்துவிடுகிற காட்சியைப் பேய்ப்படம் எடுத்த கையோடுதான் எடுத்திருக்கிறார் இயக்குநர். மனிதர்கள் கொடூரமாகச் சாகிறார்கள். அந்தக் காட்சியைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம் என்றால், அந்த உருவங்கள் கடைசி வரை வருகின்றன. அம்மா விட்டுவிட்டுப் போனாள் என்பது ஆறு வயதுக்கு அந்த அரக்கர்களைவிடப் பயமாக இருக்கலாம். இரண்டு மூன்று வருடம் பொறுங்கள்.

மகளோடு மட்டும் இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால், பார்ப்பதற்கு முன் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் திறந்து, பையைக் கழற்றி, ஒரு கெட்ட செய்தியை மறைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிற மாதிரி அவளை நடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். பிறகு அதே கதவு வழியாக நீங்கள் அவளாக வாருங்கள். எந்த இடத்தில் நீங்கள் அவளைவிடச் சின்னப் பிள்ளையாகிவிட்டீர்கள் என்று அவள் நிறுத்திச் சொல்வாள். மறுபடி கதவுக்கு வெளியே போய், அந்த இடத்தைத் திருத்திக்கொண்டு வாருங்கள்.